மாமியார் மெஷினில் ஒரு வரி

கல்லூரியில் என் மனைவிக்குப் பெயர் லேப் அக்கா. வீட்டில் வேறு பெயர் உண்டு. ஆனால் இத்தனை வருடமாக அந்தக் கம்ப்யூட்டர் லேபைக் கட்டிக்கொண்டு அவள் மாரடிப்பதால், கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். கட்டட வரைபடம் கற்றுக்கொடுக்கிற சின்னக் கல்லூரி அது. லேபில் மூன்று வரிசையாக மெஷின்கள், சுவரெல்லாம் ஒயர். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். நான் காலணிக் கடை வைத்திருப்பவன். கால் அளவைத் தவிர வேறு எந்த எண்ணோடும் எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் அவள் வேலையைப் பற்றி இவ்வளவு விவரம் எனக்குத் தெரிகிறதென்றால், தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு வந்த ஞானம்தான்.

கல்லூரிக்கு வரும் இன்டர்நெட் லைன் நூல் மாதிரி மெலிசு. மெஷினில் இருக்கிற சாஃப்ட்வேருக்கோ அடிக்கடி திருத்தம் வந்துகொண்டே இருக்கும். அதில் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கிற திருத்தம். அதற்கு அப்டேட் என்று பெயர். மூன்று வரிசையும் ஒரே நேரத்தில் அதை வெளியிலிருந்து இழுத்தால் லைன் மூச்சு முட்டிப் படுத்துவிடும். அதனால் என் மனைவி நடுவில் ஒரு மெஷினை வைத்தாள். முதலில் கேட்கிறவனுக்காக அது வெளியே போய் வாங்கி வரும், தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். அடுத்து எத்தனை பேர் கேட்டாலும் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். தெருவில் ஒருத்தர் கடைக்குப் போய்ப் பத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்கி வருகிற மாதிரி.

புது மெஷின் வாங்கித் தரச் சொன்னால் நிர்வாகம் வானத்தைப் பார்க்கும். ஆகவே ஆபீஸில் கழித்துப் போட்ட ஒன்றைத் தூக்கி வந்து, தூசி தட்டி, லேபின் மூலையில் மேஜைக்கு அடியில் வைத்தாள். மெமரி போதாது, டிஸ்க் கரகரவென்று தேயும். நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். என் அம்மா இருந்த வரைக்கும் அந்தப் பெயரை வீட்டில் சொல்ல மாட்டாள், அவ்வளவு மரியாதை.

லேபில் அவளோடு வேலை பார்த்தவர் ஒரு டெக்னீஷியன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். இவளுக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. கூடப் பிறந்தவர்கள்கூட அத்தனை ஒட்டுதலாக இருக்க மாட்டார்கள். வாராவாரம் வெள்ளிக்கிழமை மதியம், பிள்ளைகள் போன பிறகு, அண்ணன் வரிசை வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு மெஷினிலும் அப்டேட்டுக்கான கட்டளையை அடிப்பார். திரையில் என்ன வருகிறது என்று பார்ப்பார். அடுத்த நாற்காலிக்கு நகர்வார். அதுதான் அவர் வேலையில் முக்கியமான பகுதி.

போன வருடம் செய்முறைத் தேர்வு நெருங்கிய சமயத்தில் மாமியார் படுத்துவிட்டாள். தேர்வுக்கு வேண்டிய சாஃப்ட்வேரை லேபில் எந்த மெஷினில் கேட்டாலும் திரை அப்படியே உறைந்து நின்றது. என் மனைவி மண்டையை உடைத்துக்கொண்டாள். ஃபேனைக் கழற்றித் தூசி எடுத்தாள், கேபிளை மாற்றினாள். உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க்தான் திணறிக்கொண்டிருந்தது. பழைய பிரதிகளைத் துப்புரவு செய்கிற வேலையைப் பட்டப்பகலில் ஆரம்பித்து, சேமித்து வைத்த ஒவ்வொரு ஃபைலையும் மாமியார் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை இரவுக்குத் தள்ளியதும் பாதி சுமை குறைந்தது. மிச்சப் பாதி போகவில்லை. ஒவ்வொரு தடவையும் "புதுசு ஏதாவது வந்திருக்கா?" என்று வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் மாமியார் கையை நீட்டுவாள். மெலிந்த லைனில் அந்தக் கேள்வி போய்த் திரும்புவதற்குள் விடிந்துவிடும். மறுநாள் காலையில் தேர்வு.

செட்டிங் ஃபைலைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தாள். வெளியே போய்க் கேட்காதே, கையில் இருப்பதைக் கொடு. அவ்வளவுதான் அந்த வரியின் அர்த்தம். மாமியார் பறக்க ஆரம்பித்தாள். தேர்வு அருமையாக நடந்தது. ஊழியர் கூட்டத்தில் பிரின்ஸிபால் இவளை எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டினார். அன்று வீட்டுக்கு வந்தவள் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தாள். தேர்வு முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். எடுக்கவில்லை. மறந்தே போனாள். நன்றாக ஓடுகிற மெஷினை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

பல மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் லேபைத் திறந்தால் எல்லாத் திரையிலும் பணம் கேட்டு மிரட்டல். வெளியிலிருந்து எவனோ ஓட்டை வழியாக உள்ளே புகுந்து ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டிருந்தான். கடைசி வருடப் பிள்ளைகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த படங்கள் அத்தனையும் போயின. பிள்ளைகள் வராந்தாவில் நின்று அழுததாக இவள் வந்து சொன்னாள். வெளியிலிருந்து வந்த நிபுணர் மெஷின்களைச் சோதித்துவிட்டு, "மாசக்கணக்கா அப்டேட்டே போடலையே, இந்த ஓட்டைக்கு எப்பவோ திருத்தம் வந்துருச்சே" என்றார்.

பிரின்ஸிபால் அறையில் விசாரணை. அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"வாராவாரம் போட்டேன் சார். ஒரு வெள்ளிக்கிழமைகூட விடல."

பிரின்ஸிபால் இவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். அவர் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"போட்டிருந்தா அந்த ஓட்டை அடைபட்டிருக்கும் சார்" என்றாள் இவள்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அன்று என்னிடமும் அதையே சொன்னாள். "பாவம், மனுஷன் எங்கேயோ அசந்துட்டார். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மெஷின் பொய் சொல்லாதே" என்றாள். நானும் தலையாட்டினேன். அண்ணனை லேபிலிருந்து எடுத்து, தாளும் பேனாவும் அடுக்கி வைக்கிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். நிபுணரின் ஆட்கள் வந்து எல்லா மெஷினையும் துடைத்து, மாமியாரின் கையிருப்பிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். மூலையில் இருந்த மாமியாரை மட்டும் யாரும் தொடவில்லை. அதன் பாஸ்வேர்டு இவளிடம் மட்டுமே இருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை என்று இவளே சொல்லிவிட்டாள். பிறகு விடுமுறை வந்தது.

அண்ணன் முதலில் எல்லோரிடமும் சண்டை போட்டார். போட்டேன், போட்டேன் என்றார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள், எதிரில் ஆமாம் என்றார்கள், முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நாள் ஆக ஆக அவர் குரல் இறங்கியது. "போட்டேன்னுதான் ஞாபகம்" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் அப்பா கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பிப்போய், பெற்ற பிள்ளையைப் பார்த்து நீ யாரப்பா என்று கேட்டவர். அந்தப் பயம் இவருக்கு எப்போதும் உள்ளுக்குள் உண்டு. போட்டதாக ஞாபகம் இருக்கிறது, போடவில்லை என்று மெஷின் சொல்கிறது. அப்படியானால் பழுதாகிப்போனது எது என்று அந்த மனுஷன் யோசிக்க மாட்டாரா?

அண்ணி அவரைக் கடைக்கு அழைத்து வந்தபோதுதான் எனக்கு விஷயத்தின் முழு கனமும் தெரிந்தது. வழுக்காத செருப்பு ஒன்று வேண்டுமென்றார்கள். போட்டுப் பார்த்தார், நடந்து பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புதுசைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். வாசலில் கிடந்த தன் பழைய செருப்பில் காலை நுழைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் இதைத்தானே போட்டுட்டு வந்தேன்?" என்று அண்ணியைக் கேட்டார்.

"ஆமாங்க. அதேதான், போடுங்க."

காலை நுழைத்தார். மறுபடி எடுத்தார். "நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார். அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டாள். அவர் வெளியே போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர்கிட்ட காட்டிட்டோம் தம்பி. ஒண்ணும் இல்லைங்கறார். இவர் நம்ப மாட்டேங்கறார். மாத்திரை எழுதிக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு அடம்புடிச்சு வாங்கிட்டு வந்திருக்கார். பேத்தியைத் தூக்கச் சொன்னாக்கூட, வேண்டாம் எங்கேயாவது வச்சுட்டு மறந்துடுவேங்கறார்."

வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது இதைச் சொன்னேன். என் மனைவி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டு போகவில்லை. அந்த வாரம் முழுக்கவே அவள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். கேட்டால் தலைவலி என்றாள், எனக்கும் அப்படியே விட்டுவிடுவது வசதியாக இருந்தது. இப்போது திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அவர் போட்டிருக்கார்ங்க. வாராவாரம் போட்டிருக்கார். நான்தான் கெடுத்தேன்."

போன வாரம், விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிற நேரம், வரைபட ஆசிரியர் ஒருவர் புது சாஃப்ட்வேர் ஒன்று வேண்டுமென்று கேட்டிருக்கிறார். எந்த மெஷினில் கேட்டாலும் கிடைக்கவில்லை என்று வந்திருக்கிறது. இவள் மறுபடி மாமியாரின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். டிஸ்க் செத்துவிட்டதா என்று சோதித்தாள், செத்துவிடவில்லை. கேபிள் சரி, லைன் சரி. எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு கடைசியாகச் செட்டிங் ஃபைலைத் திறந்தாள். அவள் எழுதிய வரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புதுசு வந்திருக்கிறதா என்று அண்ணன் வாராவாரம் கேட்டிருக்கிறார். வெளியே எட்டிப் பார்க்காத மாமியார், தன்னிடம் இருந்த பழைய பட்டியலைக் காட்டி, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எல்லாம் சரியாக இருப்பதாகத் திரை சொல்ல, அவர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்திருக்கிறார். ஆசிரியர் கேட்ட சாஃப்ட்வேரை இவள் வேறு வழியாக நேரடியாக இழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, வரியை மட்டும் தொடாமல் வந்துவிட்டாள். விட்டுவைத்தால் தப்பு தொடர்கிறது, அழித்தால் தடயத்தை அழித்த மாதிரி. கை வைக்க முடியவில்லை என்றாள்.

"ஒரு வாரமா தெரிஞ்சும் வாயைத் திறக்கல பாருங்க. தினம் ஸ்டோர் வாசலைத் தாண்டித்தான் போறேன். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு, சாப்பிட்டியாம்மான்னு கேக்கறார்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளைத் திட்டித் தீர்த்தேன். ஒரு மனுஷன் தன் செருப்பைத் தானே நம்ப முடியாமல் நிற்கிறான், நீ தலைவலி என்று படுத்துக்கொள்கிறாயா என்று கத்தினேன். எப்போதும் என்னை ஒரு வார்த்தை பேசவிடாதவள் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்ததில் என் கோபமும் கரைந்துபோனது.

மறுநாள் பிரின்ஸிபாலிடம் போய்ச் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று தயாராகத்தான் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முடிஞ்சுபோன விஷயம் மேடம். அதை ஏன் கிளறணும்? அவரும் ஸ்டோர்ல நிம்மதியாத்தானே இருக்கார்" என்றாராம்.

"எழுதிக் குடுக்கறேன் சார்" என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டு வந்தாள். அது எந்த டிராயரில் தூங்குகிறதோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் உட்கார்ந்து இவள் ஒன்று விடாமல் சொன்னாள். மாமியார், தேர்வு, அந்த ஒரு வரி. அண்ணி கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீ நல்ல பொண்ணும்மா. என் மனசு ஆறணும்னு பழியை உன் தலையில தூக்கிப் போட்டுக்கற. இந்த வீட்ல எல்லாருமே இப்ப இப்படித்தான் என்கிட்ட பேசறாங்க."

"இல்லண்ணே, சத்தியமா."

"இருக்கட்டும்மா. அப்பாகிட்ட நானும் இப்படித்தான் பேசுவேன். நீங்க மறக்கலப்பா, நான்தான் எடுத்து வச்சேன்னு சொல்லுவேன்."

என் மனைவியின் முகம் அப்போது போன போக்கை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். உண்மையைச் சொல்லியும் அதை இரக்கமாக எடுத்துக்கொள்கிறார். அதற்கு மேல் என்ன சொல்லி நிரூபிப்பாள்? எழுந்து அவர் கையைப் பிடித்தாள். "நம்ப வேண்டாம். என்கூட லேபுக்கு வாங்க. நீங்களே பாருங்க" என்றாள். அவர் வர மறுத்தார். அண்ணிதான், "எந்திரிங்க, போய்த்தான் பாக்கலாமே" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

வாட்ச்மேன் லேபைத் திறந்துவிட்டார். அண்ணன் உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். பிறகு வந்து முதல் வரிசை முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டளையை அடித்தார். அதற்கு மட்டும் அவர் விரல் யோசிக்கவே இல்லை. மூலையில் டிஸ்க் கரகரத்தது. எல்லாம் புதிதாகவே இருக்கிறது, செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று திரை சொன்னது.

"இதேதான் வரும். அப்பவும் இதேதான் வந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

இவள் அவரை மாமியாரிடம் அழைத்துப் போய், ஃபைலைத் திறந்து, வரியைக் காட்டி, அவர் கையாலேயே அழிக்கச் சொன்னாள். அழித்தார். திரும்பி வந்து அதே மெஷினில் அதே கட்டளையை அடித்தார். திரை நின்றது. மாமியார் பழைய மெஷின், லைன் மெலிசு. நாங்கள் நால்வரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த டிஸ்க் தேயும் சத்தத்தை அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை. பிறகு திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. ஓடின, ஓடின, நிற்கவே இல்லை. வாராவாரம் வராமல் போன எல்லாமும் ஒட்டுமொத்தமாக வந்து இறங்கியது.

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "போட்டிருக்கேன்டி" என்றார் அண்ணியிடம். "நான் போட்டிருக்கேன்." அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். என் மனைவி ஒதுங்கிப்போய்ச் சுவரோடு சுவராக நின்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இவளைப் பார்த்தார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்.

"அன்னிக்கு பிரின்ஸிபால் ரூம்ல கேட்டப்போ உனக்கு இது தெரியுமா?"

"தெரியாதுண்ணே. ஞாபகமே இல்ல."

"சரி. அங்க சொல்றதுக்கு முன்னாடி, திரையில என்ன வந்துச்சுண்ணேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்றிருந்த மனுஷனைக் கேட்காமல், இவள் மெஷினை நம்பினாள். மன்னிச்சுக்கங்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மிச்ச மெஷின்லயும் போட்டுருவோம். இப்படியே விட்டா மறுபடி எவனாவது பூந்துருவான்" என்றார்.

"நான் அந்தக் கடைசியிலிருந்து போட்டுட்டு வரேண்ணே" என்று இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். பாதி வேலையை எடுத்துக்கொண்டால் பாதி பாரமாவது இறங்கும் என்று நினைத்திருப்பாள்.

"வேண்டாம்மா. நீ இங்கயே நில்லு."

முதல் மெஷின் முடிந்தது. திரையைக் காட்டி, "பாத்துக்கோ" என்றார்.

"பாத்தேண்ணே."

அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். அடித்தார், காத்திருந்தார், முடிந்ததும் திரும்பி அவளைக் கூப்பிட்டார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சாப்பிட்டியாம்மா என்று கேட்கிற அதே குரல்தான்.

"வந்து பாரும்மா. நாளைக்கு யாராவது கேட்டா, நான் போட்டதை நீ பாத்தேன்னு சொல்லணும்."

அவள் போய்ப் பார்த்தாள். மூன்று வரிசைக்கும் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் போய்க் குனிந்து, திரையை முழுசாகப் படித்து, "பாத்தேண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.